ஊழியரணி மேம்பாட்டுப் பணியும் மனநிறைவும்: சிங்கப்பூர் அனுபவம் (1960–2016) – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆசிரியர் தம் மாணவரை அறிவார். மருத்துவர் தம் நோயாளியை அறிவார். இவ்விருவரும் தம் உழைப்பின் பயனைக் கண்ணெதிரே காணும் வாய்ப்புப் பெற்றவர்கள். ஆயின், ஒரு நாட்டின் தொழிலாளர்க்குத் திறன் பயிற்சி அளிக்கும் திட்டங்களைத் தீட்டி, நிதி ஒதுக்கி, பயிற்சி நிலையங்களை நடத்திவரும் அரசு அலுவலருக்கு அத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிட்டுகிறது. அவர் முன் வருபவை விண்ணப்பப் படிவங்களும் புள்ளிவிவரங்களும் ஆண்டறிக்கைகளுமே. அவர் முயற்சியால் ஒருவர் நல்ல வேலை பெற்றால், அப்பெருமை பெற்றவருக்கும் வேலை கொடுத்தவருக்குமே உரியதாகிறது. இருந்தும், இத்துறையில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் விருப்புடன் பணியாற்றியோர் உளர். அவர்களின் மனநிறைவுக்கு அடிப்படையாக அமைந்தது யாது என்னும் வினாவுக்குச் சிங்கப்பூரின் தொழிற்பயிற்சி வரலாற்றின் வழியாக விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்குச் சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அலுவலக வழக்கில் ‘பணிநிறைவு’ என்னும் சொல் ஓய்வு பெறுதலைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றுவிட்டது. எனவே, பணியாற்றும் காலத்திலேயே அப்பணியால் விளையும் உள்ளநிறைவைச் சுட்ட ‘மனநிறைவு’ என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. ‘ஊழியரணி’ என்பது சிங்கப்பூர்த் தமிழில் வழங்கிவரும் சொல்லாகும். அது ஒரு நாட்டில் உழைக்கும் மக்கள் அனைவரையும் ஒருங்கே சுட்டுகிறது.

தமிழ் மரபில் ஆளும் பொறுப்புடையோர் தக்காரைத் தேர்ந்து தக்க பணியில் அமர்த்துதல் பற்றிய சிந்தனை பழமையானது. திருக்குறள் ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரத்தையே இதற்கென ஒதுக்கியுள்ளது. எனினும், அச்சிந்தனை தகுதியுடையாரைக் கண்டறிவதைப் பற்றியது. தகுதி பெற வாய்ப்பில்லாதிருந்தோர்க்குத் தகுதியை உண்டாக்கித் தருதல் அரசின் கடமை என்னும் கருத்து, தொழில்மயமாக்கத்தோடு வந்த புதிய கருத்தாகும். கட்டுரையில் ஆராயப்படும் பணி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

1. வேலையின்மையும் தளங்களின் மூடலும் (1960–1971)

1959ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் எதிர்கொண்ட முதற் பெருஞ்சிக்கல் வேலையின்மையாகும். 1960ஆம் ஆண்டில் வயதுவந்தோர் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் ஆல்பர்ட் வின்சமியஸ் தலைமையில் ஐக்கிய நாட்டுக் குழுவொன்று வந்து, தொழில்மயமாக்கத்துக்கான பரிந்துரைகளை 1961இல் வழங்கியது. பொருளியல் வளர்ச்சிக் கழகமும் 1961ஆம் ஆண்டிலேயே தோன்றியது. தொழில்நுட்பக் கல்வி குறித்த விசாரணைக் குழுவின் அறிக்கையும் அவ்வாண்டில் வெளிவந்தது. ஆகவே, தொழிற்சாலையை அழைப்பதும் தொழிலாளியைப் பயிற்றுவதும் ஒரே காலத்தில் தொடங்கிய இரட்டை முயற்சிகள் எனலாம்.

இம்முயற்சியை அவசரப் பணியாக மாற்றியது, 1968 சனவரியில் பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறவிருப்பதாக விடுத்த அறிவிப்பாகும். செம்பவாங் கடற்படைத் தளம் உள்ளிட்ட படைத்தளங்கள் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வாதாரமாக விளங்கின. கடற்படைத் தளத் தொழிலாளருள் மலையாளிகளும் தமிழரும் பெருந்தொகையினராக இருந்தமை சிங்கப்பூர் இந்தியர் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தியாகும். தளத்தில் வேலை என்பது அவர்களுக்கு ஊதியத்தோடு நின்றுவிடவில்லை. குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளி, வழிபாட்டிடம் எனப் பலவும் அதனோடு பிணைந்திருந்தன.

அக்காலத்தில் வெளியுறவு அமைச்சராக இருந்த எஸ். இராஜரத்தினம், 1968 முதல் 1971 வரை தொழிலாளர் அமைச்சர் பொறுப்பையும் ஏற்றிருந்தார். வேலை நியமனச் சட்டம் 1968இல் நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்வித் துறை அமைக்கப்பட்டது. வேலையிழக்கவிருந்த தளத் தொழிலாளர்க்கு மறுபயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. கடற்படைக் கப்பல் பட்டறை 1968 டிசம்பரில் பெயரளவு விலையாக ஒரு வெள்ளிக்குக் கைமாற்றப்பட்டு, செம்பவாங் கப்பல் பட்டறையாக உருப்பெற்றது. 1969 முதல் உயர்நிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் மாணவர் அனைவரும் மாணவியருள் ஒரு பகுதியினரும் தொழில்நுட்பப் பாடங்களைப் பயின்றனர்.

இக்காலகட்ட அலுவலரின் பணி நெருக்கடி சார்ந்தது. அதன் இலக்கு, தளம் மூடப்படுமுன் தொழிலாளிக்கு வேறொரு வழி திறக்கப்பட வேண்டும் என்பதே. பணியின் பொருள் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்த காலம் இது. நெருக்கடி தணிந்த பின்னரும் அப்பொருள் நிலைக்குமா என்பதே அடுத்து எழுந்த வினாவாகும்.

2. கூட்டுப் பயிற்சி நிலையங்கள்: திறன் யாருக்குச் சொந்தம்?

1970களில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் பன்னாட்டு நிறுவனங்களுடன் இணைந்து பயிற்சி நிலையங்களை நிறுவியது. அவற்றுள் முதலாவது, 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துடன் இணைந்து அமைக்கப்பட்டதாகும். ஜெர்மனியின் ரோலை நிறுவனத்துடன் 1973இலும், நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடன் 1975இலும் இத்தகைய நிலையங்கள் தொடர்ந்தன. ஜாம்ஷெட்பூரில் 1921ஆம் ஆண்டிலேயே தனக்கெனத் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தை நிறுவிய டாட்டா நிறுவனத்தின் பட்டறிவு, அரை நூற்றாண்டுக்குப் பின் சிங்கப்பூருக்குப் பயன்பட்டது. இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியாவுக்கு உழைப்பாளர் வந்த வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. பயிற்சிமுறை வந்த வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இத்திட்டத்தின் உட்கருத்து எளிமையானது. அரசு நிலமும் நிதியும் தரும். நிறுவனம் தன் தேவைக்கு மேலாகவும் பயிற்சியாளர்களை உருவாக்கித் தரும். எஞ்சியோர் பிற தொழிற்சாலைகளுக்குப் பயன்படுவர். அதாவது, ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் பெற்ற திறன் அந்நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்னும் கொள்கை தொடக்கத்திலேயே ஏற்கப்பட்டது.

இக்கொள்கையின் வலிமை 1981ஆம் ஆண்டில் சோதிக்கப்பட்டது. புகைப்படக் கருவிகளைத் தயாரித்த ரோலை நிறுவனம் நொடித்துப்போய்ச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளை மூடியது. தொழிற்சாலை மறைந்தது, ஆனால் அங்குப் பயின்றோர் பெற்ற துல்லியப் பொறியியல் தேர்ச்சி மறையவில்லை. அத்தேர்ச்சி வளர்ந்துவந்த பிற தொழில்களுக்கும் தேவைப்பட்டது. முதலீட்டைக் கொண்டு அளப்போர்க்கு ரோலை ஒரு தோல்வி. தொழிலாளியைக் கொண்டு அளப்போர்க்கு அவ்வாறு ஒரேயடியாகக் கூற இயலாது. அலுவலரின் மனநிறைவுக்கான முதல் அடிப்படையை இங்குக் காண்கிறோம்: நிறுவனங்கள் வரலாம், போகலாம், கற்ற திறன் கற்றவரிடமே தங்குகிறது. இக்கூட்டு நிலையங்களின் வழித்தோன்றல்களான ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியத் தொழில்நுட்ப நிலையங்கள் பின்னர் 1992இல் நிறுவப்பட்ட நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியின் உருவாக்கத்தில் இணைந்தன.

3. நிதியும் அடிப்படைக் கல்வியும் (1979–1992)

1979ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். 1973இல் அமைந்த தொழிலியல் பயிற்சிக் கழகமும் முன்னர்க் குறிப்பிட்ட வயதுவந்தோர் கல்விக் கழகமும் அவ்வாண்டு ஏப்ரலில் இணைக்கப்பட்டு, ‘வி.ஐ.டி.பி.’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தொழிற்கல்வி மற்றும் தொழிலியல் பயிற்சிக் கழகம் உருவாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் திறன் மேம்பாட்டு நிதியும் தோற்றுவிக்கப்பட்டது. குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், அவ்வூதியத்தில் ஒரு பகுதியைத் தீர்வையாகச் செலுத்த வேண்டியிருந்தது. அத்தொகை பயிற்சிக்கே திரும்பும். தொடக்கத்தில் 2 விழுக்காடாக இருந்த இத்தீர்வை பின்னர் 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, 1985ஆம் ஆண்டுப் பொருளியல் வீழ்ச்சிக்குப் பின் 1 விழுக்காடு வரை குறைக்கப்பட்டது.

1983இல் தொடங்கிய ‘பெஸ்ட்’ என்னும் அடிப்படைக் கல்வித் திட்டம் நம் கவனத்துக்குப் பெரிதும் உரியதாகும். தொடக்கக் கல்வியை முடிக்காத ஏறத்தாழ 225,000 தொழிலாளர்களை இலக்காகக் கொண்டு, ஆங்கிலமும் கணிதமும் படிநிலைகளாகப் பகுக்கப்பட்டுப் பயிற்றப்பட்டன. பயிற்சிக் கழகத்தோடு தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் தொழிற்சாலைகளும் வகுப்புகளை நடத்தின. 1992ஆம் ஆண்டுக்குள் இவர்களுள் முக்கால் பங்கினர்க்கும் மேற்பட்டோர் ஒரு படிநிலையிலேனும் பயிலும் வாய்ப்பைப் பெற்றிருந்தனர். பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நின்றவர்கள் மாலையில் எழுதுகோல் பிடித்தனர் என்பதை எண்ணுங்கால், இத்தொகையின் பின்னுள்ள மனித முயற்சி புலப்படும்.

இத்திட்டத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1982இல் சிங்கப்பூரின் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. 1987இல் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டன. தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ எழுதவும் படிக்கவும் அறிந்த ஒரு தொழிலாளி, பணியிடத்தில் ஆங்கிலக் குறிப்பைப் படிக்க இயலாமையால் கல்லாதவராகக் கருதப்படும் நிலை இக்காலத்தில் எழுந்தது. பயிற்சித் திட்டம் அவருக்குத் தேவையான மொழியைத் தந்தது. ஆனால் அவர் முன்னரே பெற்றிருந்த கல்விக்கு அங்கு அளவுகோல் இல்லை.

இவ்விடத்தில்தான் திறன் வளர்ச்சிப் பணியின் அறச்சிக்கல் வெளிப்படுகிறது. தொழிலாளியிடம் இல்லாததைக் கணக்கிட்டே திட்டம் தீட்டப்படுகிறது. இல்லாததையே நோக்கும் கண்ணுக்கு உள்ளது தெரியாமற் போதல் இயல்பு. அவ்வகுப்புகளின் பயன் ஊதிய உயர்வில் மட்டும் அடங்குவதன்று. மருந்துச் சீட்டைப் படித்தல், பிள்ளையின் பள்ளி அறிக்கையைப் புரிந்துகொள்ளுதல், படிவத்தைப் பிறர் உதவியின்றி நிரப்புதல் ஆகியன ஒரு மனிதரின் தன்மதிப்போடு தொடர்புடையவை. பயிற்சியாளரைக் குறையுள்ளவராகக் காணாது, வளரும் மனிதராகக் காணும் பார்வையே மனநிறைவின் இரண்டாம் அடிப்படையாகும். அப்பார்வை இல்லாதவிடத்து, திட்டம் வெற்றி பெறினும் அதனை நடத்துவோர்க்கு நிறைவு கிட்டுவது அரிது.

4. இழிவு நீக்கம்: தொழில்நுட்பக் கல்விக் கழகம் (1992–2013)

1980களில் தொழிற்பயிற்சி நிலையம் என்பது, பள்ளியில் தோற்றவர் சென்றடையும் இடம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. தொடக்கப் பள்ளியோடு கல்வி முடிந்த சிறுவர்களும் அங்குச் சேர்க்கப்பட்டமை இவ்வெண்ணத்துக்குக் காரணமாயிற்று. 1991ஆம் ஆண்டின் கல்விச் சீராய்வுக்குப் பின் இந்நிலை மாற்றப்பட்டது. மாணவர் அனைவரும் ஏறத்தாழப் பத்தாண்டுப் பொதுக்கல்வி பெற்ற பின்னரே தொழிற்கல்விக்கு வருதல் வேண்டும் என்னும் அடிப்படையில், 1992 ஏப்ரலில் வி.ஐ.டி.பி.க்கு மாற்றாகத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக்கூடமாக நிறுவப்பட்டது.

பெயர் மாறியது, இழிவு உடனே மறையவில்லை. ‘ஐ.டி.இ.’ என்னும் மூன்றெழுத்துக்கு ‘எல்லாம் முடிந்தது’ எனப் பொருள்படும் ஆங்கில விரிவொன்றைக் கூறி மக்கள் எள்ளினர். ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுள் ஒரு பகுதியினரைப் பற்றிப் பதினாறு, பதினேழு வயதிலேயே ‘முடிந்தது’ என்று கூறுமாயின், அது வேடிக்கைப் பேச்சன்று. அப்பிள்ளைகள் தம்மைப் பற்றித் தாமே கொள்ளும் மதிப்பீடாகவும் அது மாறிவிடுகிறது.

இந்நிலையை எதிர்கொண்டோருள் முதன்மையானவர் லா சொங் செங் ஆவார். 1981இல் வி.ஐ.டி.பி.யின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அவர், 1992 முதல் 2007 வரை தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் தலைமை அதிகாரியாக விளங்கினார். ஏறத்தாழ 26 ஆண்டுகள் ஒரே துறையில் தொடர்ந்து பணியாற்றியமை, அலுவலர்கள் அடிக்கடி துறை மாற்றப்படும் அரசுப் பணியில் அரியதொரு நிகழ்வாகும். பணிமனைப் பயிற்சியோடு அறிவும் உள்ளமும் சேர்ந்து வளர வேண்டும் என்பதைக் கழகம் ‘கை, மதி, மனம்’ ஆகிய மூன்றையும் இணைக்கும் முழக்கமாக முன்வைத்தது. சிதறிக் கிடந்த சிறு நிலையங்கள் மூன்று வட்டாரக் கல்லூரிகளாக ஒருங்கிணைக்கப்பட்டன. அவற்றுள் சிமெய் வட்டாரத்தில் அமைந்த கிழக்குக் கல்லூரி 2005இலும், மேற்குக் கல்லூரி 2010இலும், மத்தியக் கல்லூரி 2013இலும் செயற்படத் தொடங்கின. கழகம் 2005இல் சிங்கப்பூர்த் தர விருதையும், 2007இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சார்பில் வழங்கப்பட்ட அரசுத்துறைப் புத்தாக்க விருதையும் பெற்றது. லா சொங் செங் தம் பட்டறிவைத் தொகுத்து 2015இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

விருதுகளைவிட இங்கு முக்கியமானது கால அளவாகும். சமுதாய மதிப்பு ஓர் ஆண்டுத் திட்டத்தில் மாறும் பொருளன்று. நல்ல கட்டடம், நல்ல பயிற்றுநர், பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்லும் வழி, முதலாளியின் நம்பிக்கை ஆகிய ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட வேண்டியுள்ளது. பலனைக் காணும் வரை ஓர் அலுவலர் அப்பணியிலேயே இருக்க முடிந்தால், அவருடைய உழைப்புக்கு ஒரு முழுமை கிட்டுகிறது. நிறுவனத் தொடர்ச்சியே மனநிறைவின் மூன்றாம் அடிப்படை எனலாம். இது தனிமனிதப் பண்பு மட்டுமன்று. அரசு தன் அலுவலர்க்கு வழங்க வேண்டிய வாய்ப்புமாகும்.

5. எண்ணிக்கையும் மனிதரும் (2003–2016)

2003 செப்டம்பரில் ஊழியரணி மேம்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. பள்ளியை விட்டு வெளியேறும் இளையோரைக் காட்டிலும், நடுவயதில் வேலையிழந்தோர்க்கே இவ்வமைப்பு முதன்மை தந்தது. பல தொழில்களுக்கும் பொதுவான திறன் தகுதிச் சான்றிதழ் முறை 2005இல் அறிமுகமாயிற்று. 2008ஆம் ஆண்டு உலகப் பொருளியல் நெருக்கடியின்போது, ஆட்குறைப்புக்கு மாற்றாகத் தொழிலாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் முதலாளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கியது. 2014இல் அப்போதைய துணைப் பிரதமர் தர்மன் சண்முகரத்னம் தலைமையில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் மன்றம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இந்திராணி ராஜா தலைமையிலான குழு, பலதுறைத் தொழிற்கல்லூரிக் கல்வியையும் தொழில்நுட்பக் கல்வியையும் சீராய்ந்து அறிக்கை வழங்கியது. 2016 முதல் 25 வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் பயிற்சிக்கென 500 வெள்ளி ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், மேம்பாட்டு அமைப்பின் பணிகள் மனிதவள அமைச்சின்கீழ் ஒன்றும் கல்வி அமைச்சின்கீழ் ஒன்றுமாக இரு கழகங்களிடையே பகிர்ந்தளிக்கப்பட்டன.

திட்டங்கள் விரிந்தபோது அளவீடுகளும் பெருகின. பயிற்சி இடங்கள் எத்தனை, வருகை எத்தனை, செலவு எவ்வளவு என்பவற்றைக் கணக்கிடுதல் பொதுப்பணத்தைக் கையாளும் துறைக்கு இன்றியமையாதது. ஆயினும் எண்ணிக்கை தன்னளவில் பயிற்சிக்குச் சான்றாகாது. 2017இல் வெளிப்பட்ட ஒரு மோசடி இதனை உணர்த்துகிறது. போலி நிறுவனங்களைக் கொண்டு இயங்கிய கும்பல் ஒன்று, நடைபெறாத பயிற்சிகளுக்காக ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியைப் பயிற்சி மானியமாகப் பெற்றிருந்தது; குற்றவாளிகள் பின்னர்த் தண்டிக்கப்பட்டனர். தாளில் பயிற்சியாளர்கள் இருந்தனர். வகுப்பறையில் ஒருவரும் இல்லை. குற்றம் செய்தோர் சிலரேயாயினும், பயிற்சி பெறுபவரின் முகத்தைக் காணாது எண்ணிக்கையை மட்டும் காணும் நிருவாகம் எவ்வாறு ஏமாற்றப்படலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

6. மலேசிய ஒப்பீடு

மலேசியாவிலும் இதற்கு இணையான வளர்ச்சியைக் காணலாம். தொழிலாளர் அமைச்சின்கீழ்க் கோலாலம்பூரில் தொழிற்பயிற்சி நிலையம் 1964இல் தொடங்கப்பட்டது. தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் 1989இல் அமைந்தது. அது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் திறன் மேம்பாட்டுத் துறையாக உருமாறியது. 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்துக்கேற்ப, 1993 முதல் முதலாளிகளிடமிருந்து ஊதியத்தில் 1 விழுக்காடு தீர்வையாகப் பெறப்பட்டது. சிங்கப்பூரின் தொடக்ககாலத் தீர்வை, குறைந்த ஊதியம் பெறுவோரை முன்னிறுத்திக் கணக்கிடப்பட்டது. அத்தீர்வை மலிவான உழைப்பை ஊக்குவிக்கலாகாது என்னும் கொள்கையை உட்கொண்டிருந்தது. மலேசியத் தீர்வையோ முதலாளி செலுத்தியதை அவர் தம் தொழிலாளரின் பயிற்சிக்கே திரும்பப் பெறும் ஏற்பாடாக அமைந்தது. இவ்வேறுபாட்டை அறிதல், ஒரு நாட்டின் திட்டத்தை மற்றொரு நாட்டில் அவ்வாறே நடலாம் என்னும் எண்ணத்தைத் தவிர்க்க உதவும்.

ஆசிரியர் பயிற்சிக்குக் கல்லூரிகள் இருத்தல் போலவே, தொழிற்பயிற்றுநரை உருவாக்க ஷா ஆலமில் ‘சியாஸ்ட்’ எனப்படும் நிலையம் 1980களில் ஜப்பானிய ஒத்துழைப்புடன் நிறுவப்பட்டது. பயிற்றுபவரைப் பயிற்றாமல் தொழிலாளியைப் பயிற்றுதல் இயலாது என்னும் உண்மை இருநாட்டு வரலாறுகளிலும் உறுதிப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, திறன் பயிற்சியின் பயன் நிறுவனத்தின் ஆயுளைக் கடந்து தொழிலாளியிடம் தங்குகிறது. இரண்டாவது, பயிற்சி பெறுபவரைக் குறையின் தொகுப்பாகக் காணாது, முன்னரே சில பெற்றுள்ள மனிதராகக் காணும் பார்வையே பணிக்குப் பொருள் தருகிறது. மூன்றாவது, இத்துறையின் பலன்கள் மெல்லக் கனிவன. ஆகவே நீடித்த பணிக்காலமும் நிலையான நிறுவனமும் வேண்டப்படுகின்றன. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தபோது அலுவலர்க்கு மனநிறைவும் தொழிலாளர்க்கு வாழ்வும் ஒன்றாகவே கிட்டின. இவற்றுள் ஒன்று குறைந்தவிடத்து எண்ணிக்கைகள் வளர்ந்தும் பொருள் தேய்ந்தது.

இவ்வரலாறு தமிழாசிரியர்களுக்கும் தொலைவில் உள்ளதன்று. தேர்வில் குறைந்த புள்ளிகள் பெற்ற மாணவர் தொழிற்பயிற்சி நிலையத்துக்குச் செல்ல முற்படும்போது, அவரையும் அவர் பெற்றோரையும் முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. அவ்வேளையில் அவர் முகத்தில் தோன்றும் வருத்தமும், சொல்லில் தொனிக்கும் இரக்கமும் ‘எல்லாம் முடிந்தது’ என்னும் எள்ளலையே வேறு வடிவில் கூறிவிடக்கூடும். கை வினைஞருக்கு உயர்ந்த இடம் தந்த மரபு நம்முடையது என்று மேடைகளில் பேசுகிறோம். அப்பேச்சு உண்மையாக வேண்டுமாயின், ஒரு பற்றவைப்பாளரையோ மின்பணியாளரையோ உருவாக்கியதை, ஒரு பட்டதாரியை உருவாக்கியதற்கு நிகரான பெருமையாக நம் பள்ளிகள் கருதுதல் வேண்டும். அத்தகைய மாணவர்கள் பின்னர் அடைந்த வாழ்க்கை நிலைகளைப் பள்ளிதோறும் பதிவு செய்து வருதல் பயனுள்ள முதற்படியாக அமையும். பிற்கால ஆய்வாளர்க்கு அது தக்க மூலச்சான்றுமாகும்.